போர்டிங் பாஸும் கார்டும் போதும்

2024 செப்டம்பர் கடைசியில் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் ஒரு பெண் பயணி, விமானம் ஏறும்வரை லவுஞ்சில் உட்காரலாம் என்று நினைத்தார். கிரெடிட் கார்டு கையில் இல்லை. போனில் அதன் படம் மட்டும் இருந்தது. ஒரு லிங்க் வழியாக ‘லவுஞ்ச் பாஸ்’ என்ற ஆப்பை இறக்கிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லப்பட்டது. பாதுகாப்புக்காக என்று சொல்லி முகத்தையும் ஸ்கேன் செய்ய வைத்தார்கள். கடைசியில் அவர் அந்த லவுஞ்சைப் பயன்படுத்தவே இல்லை. அடுத்து வந்த நாட்களில், அவருடைய எண்ணுக்கு அழைத்தால் யாரோ ஓர் ஆண் எடுத்துப் பேசுவதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நெட்வொர்க் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கார்டு பில் வந்தபோதுதான் 87,000 ரூபாய்க்கு மேல் பறிபோயிருந்தது தெரிந்தது.

அவர் இதை வீடியோவில் வெளியே சொன்னதால் ஊருக்குத் தெரிந்தது. பெங்களூரைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக் அந்த ஆப்பைப் பிரித்து ஆராய்ந்தது. 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 450 பயணிகள் அதைத் தங்கள் போனில் நிறுவியிருந்தார்கள்; 9 லட்சம் ரூபாய்க்கு மேல் பறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் ஏமாந்ததற்கு முன்பே இத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் குரல் வெளியே வரவே இல்லை.

ஆப் செய்த வேலை எளிமையானது. உள்ளே வந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். ‘அலோ’ என்று அழுத்தியதும், போனுக்கு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் மோசடிக்காரர்களுக்குப் போய்ச் சேரும். கார்டு எண் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தால், தேவைப்படுவது ஓடிபி ஒன்றுதான். அதையும் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அழைப்புகளையும் வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டால், சந்தேகப்பட்டு வங்கியே கூப்பிட்டாலும் நமக்குத் தெரியாது.

இந்த மோசடிக்கு லவுஞ்ச் வாசல் ஏன் வசதியாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கார்டு இருந்தால் லவுஞ்ச் இலவசம் என்ற காலம் போய்விட்டது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலிலிருந்து, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு செய்திருந்தால்தான் பல கார்டுகளுக்கு அந்தச் சலுகை என்று வைத்தது. மற்ற வங்கிகளும் ஆளுக்கொரு நிபந்தனை போட்டன. வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவில் இருந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025 செப்டம்பரில் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திக்கொண்டது. போன தடவை வேலை செய்த கார்டு இந்தத் தடவை செய்யுமா என்று பயணிக்கே நிச்சயமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, போர்டிங்குக்கு நேரமாகிறது, குழந்தை பசி என்கிறது. அந்த நேரத்தில் யாராவது, இந்த லிங்கை அழுத்தினால் உள்ளே விட்டுவிடுவார்கள் என்று சொன்னால் கை தானாகவே அழுத்திவிடும். இதில் ஏமாந்தவரை முட்டாள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

முறையான நுழைவு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும். பெங்களூரில் வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் 12 முதல் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. அங்கே இருப்பது, ஊரின் எஸ்டிடி எண்ணையே பெயராக வைத்த 080 லவுஞ்ச். அங்கானாலும் வேறெந்த லவுஞ்சானாலும் போர்டிங் பாஸைப் பார்ப்பார்கள், கார்டை ஸ்வைப் செய்வார்கள். கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு ரூபாய் பிடிப்பது உண்டு. சில வங்கிகள் தங்கள் சொந்த ஆப்பிலேயே கியூஆர் அல்லது வவுச்சர் தருகின்றன. பிசினஸ் கிளாஸ் பயணிக்கு விமான நிறுவனமே சீட்டு தரும். எதுவுமே இல்லாவிட்டால் கட்டணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஆப், முக ஸ்கேன், போன் திரையைப் பகிர்வது ஆகியவற்றுக்கு இதில் எங்குமே வேலை இல்லை. கார்டு கையில் இல்லையென்றால் சலுகையை விட்டுவிடுங்கள். ஒரு தட்டு இட்லியும் காபியும் கீழே கடையில் காசு கொடுத்தே கிடைக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வங்கியின் சொந்த ஆப்பில் ஒரு விஷயம் பாருங்கள்: உங்கள் கார்டின் லவுஞ்ச் சலுகை உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமா, வெளிநாட்டுப் பயணத்துக்கும் உண்டா? இரண்டும் ஒன்றல்ல. கூட வருபவருக்குத் தனிக் கட்டணம் பிடிக்கலாம். அது அடுத்த மாத பில்லில்தான் தெரியும்.

சரி, அழுத்திவிட்டீர்கள். இனி என்ன?

நேரம்தான் எல்லாம். போனை உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஆப்பின் பெயர், லிங்க், அனுப்பிய எண் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொண்டு ஆப்பை நீக்குங்கள். பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, கார்டின் பின்புறம் உள்ள வங்கி எண்ணுக்குப் பேசி கார்டை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். களவு போன பணம் ஒரு கணக்கில் தங்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். 1930-ல் பதிவானதும் அந்தத் தகவல் வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப்படுகிறது. தாமதித்தால் முடக்குவதற்கு எதுவும் மிஞ்சாது. பிறகு ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு ##002# என்று அழைத்தால், அழைப்புகளைத் திருப்பிவிடும் ஏற்பாடு ரத்தாகும். சைபர்கிரைம் தேசிய இணையதளத்தில் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூரில் இந்தக் குற்றங்களை விசாரிப்பவை சென் காவல் நிலையங்கள். ஆனால் இது எங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும்.

விமானம் ஏறப்போகும் நேரத்தில் இதெல்லாம் நடப்பதுதான் கொடுமை. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நேரடி விமானம் என்றால் 16 மணி நேரம். அவ்வளவு நேரமும் மோசடிக்காரர்களுக்குத் திறந்த வீடு. ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி கார்டை முடக்கிவிட்டால்கூட போதும். மற்றதை இங்கே இருக்கும் உறவினர் பார்த்துக்கொள்ளலாம்.

போன பணம் திரும்ப வருமா? இந்தக் கேள்விக்குத்தான் பலருக்குச் சரியான பதில் தெரியவில்லை. ஓடிபி போயிருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கி சொன்னதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வகுத்த விதி அப்படிச் சொல்லவில்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல், வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூட ஏற்க வேண்டியதில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை அவர் ஏற்க வேண்டும். 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அது 10,000 ரூபாய். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. வாடிக்கையாளரே கவனக்குறைவாக ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரையிலான நஷ்டம் அவருடையது. புகாருக்குப் பிறகு போவதெல்லாம் வங்கியின் நஷ்டம்.

நீங்களே ஓடிபியைச் சொன்னீர்களா, ஓர் ஆப் உங்களுக்குத் தெரியாமல் திருடியதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. அசாமில் ஒரு வாடிக்கையாளர், இணையத்தில் வாங்கிய பிளேசரைத் திருப்பித் தர முயன்றபோது, வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிப் பேசியவனை நம்பி ஓர் ஆப்பை நிறுவினார். 94,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தார். ஓடிபியை யாருக்கும் தரவில்லை என்பதில் உறுதியாக நின்றார். பாரத ஸ்டேட் வங்கி பணத்தைத் தர வேண்டும் என்று கவுஹாத்தி உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 3-ல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. லவுஞ்ச் ஆப்பில் சிக்கியவரின் நிலையும் இதற்கு மிக நெருக்கமானது. எனவே வங்கிக்கு எழுதும் கடிதத்தில், ஓடிபியை நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். பதற்றத்தில் போனில், ஆமாம், நான்தான் கொடுத்துவிட்டேன் என்று உளறிவிட்டு பிறகு மாற்றுவது கடினம். உண்மையை மட்டும், ஆனால் சரியான வார்த்தையில் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

இன்னொன்று. வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை ஆப் விழுங்கிவிட்டால், 3 நாள் கடந்ததே உங்களுக்குத் தெரியாது. பெங்களூரு பயணிக்கு நடந்தது இதுதான். வங்கி எச்சரிக்கைகள் மின்னஞ்சலுக்கும் வரும்படி இன்றே மாற்றி வையுங்கள். இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

லவுஞ்சைப் போலவே அப்கிரேடும் ஆசை காட்டும் இடம். பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடந்து போகும் வயதான பெற்றோருக்கு, முழங்கால் வலிக்குக் கொஞ்சம் நீட்டிப் படுத்துப் போகலாமே என்று பிசினஸ் கிளாஸுக்கு மாற்ற நினைப்பது நியாயமான விருப்பம். அதற்கு கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்கு அழைக்கிறோம். அல்லது எக்ஸ் தளத்தில் விமான நிறுவனத்தைக் குறிப்பிட்டுக் கேட்கிறோம். நிறுவனத்தின் சின்னத்தையே முகப்பில் வைத்த போலிக் கணக்கு ஒன்று நிமிடத்தில் பதில் சொல்லி, வாட்ஸ்அப் எண் கேட்கும். பொதுவெளியில் பிஎன்ஆரைப் போட்டாலே ஆபத்துதான்: அந்த ஆறு எழுத்துகளும் கடைசிப் பெயரும் இருந்தால் பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாம். போர்டிங் பாஸ் படத்தைப் போடுவதும் அப்படித்தான்.

உண்மையான அப்கிரேடு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் முன்பதிவுக்குள்ளோ, செக்-இன் கவுன்டரிலோ நடக்கும். ஏல முறையில் கேட்டால், ஏற்றுக்கொண்டால் மட்டுமே பணம் பிடிப்பார்கள். கவுன்டரில் கட்டினால் நிறுவனத்தின் பெயரில் ரசீது வரும். தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது அப்கிரேடு அல்ல. கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவையும் உண்டு: பயணத்தின் எந்தக் கட்டத்துக்கு இது? இடையில் விமானம் மாறினால் இரண்டாவதற்கும் உண்டா? லவுஞ்சும் கூடுதல் பெட்டியும் சேர்த்தியா? சில நிறுவனங்களில் ஏலத்தில் கிடைத்த இருக்கைக்கு லவுஞ்ச் சேராது.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோடு கவுன்டருக்குப் போனால், விமானம் மாறிவிட்டது, எகானமியில்தான் இடம் என்பார்கள். ஒரு வவுச்சரையும் நீட்டுவார்கள். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன், 2023 பிப்ரவரி 15-ல் நடைமுறைக்கு வந்த, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதியை நினைவில் கொள்ளுங்கள். விருப்பமில்லாமல் கீழ் வகுப்புக்கு இறக்கப்பட்டவருக்கு, வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை என்றால் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை என்றால் 50 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். கொழும்பு முதல் வகையில் வரும். சிங்கப்பூரும் துபாயும் இரண்டாவது. லண்டனும் ஃபிராங்க்ஃபர்ட்டும் மூன்றாவது. சிங்கப்பூருக்கு ஒருவழி 60,000 ரூபாய் கட்டியிருந்தால் 30,000 உங்களுடையது. இதே அளவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-ன் சட்டத்திலேயே இருக்கின்றன. ஐரோப்பிய விமான நிறுவனத்தில் பெங்களூரிலிருந்து ஐரோப்பா போகிறவருக்கு அந்தச் சட்டமும் துணை. எந்தக் காரணத்தால் இறக்கினார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். பழைய போர்டிங் பாஸையும் புதியதையும் பத்திரப்படுத்துங்கள்.

இருக்கை கிடைத்தும் அது வேலை செய்யாவிட்டால்? ஹைதராபாத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போன ஒரு தம்பதிக்கு, தானாகச் சாய வேண்டிய பிசினஸ் கிளாஸ் இருக்கை சாயவில்லை. தலைக்கு 66,750 ரூபாய் கொடுத்திருந்தார்கள். சமாதானமாக வந்த மைலேஜ் புள்ளிகளை மறுத்தார்கள். 2024-ல் ஹைதராபாத் மாவட்ட நுகர்வோர் ஆணையம், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அவர்களுக்குத் தலைக்கு 48,750 ரூபாயை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு 1 லட்சம் தரவும் உத்தரவிட்டது. அன்று அந்தப் புள்ளிகளை வாங்கிக்கொண்டு போயிருந்தால் வழக்கின் வலு குறைந்திருக்கும்.

விமான நிறுவனம் அசையாவிட்டால் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. அடுத்தது நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த நாட்டில் இருந்தாலும், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பெங்களூரின் அல்சூரில் இருப்பவர் வழக்குக்காகச் சிங்கப்பூருக்குப் போக வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம். நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். டிக்கெட், இரண்டு போர்டிங் பாஸ்கள், அப்கிரேடு ரசீது, நிறுவனத்தோடு நடந்த மின்னஞ்சல் அத்தனையும் மனுவோடு சேர வேண்டும்.