கபச் சுரப்பியின் இறப்பு: பிரசவக் குருதிப்பெருக்கும் விரியன் தீண்டலும்

மனித உடலிலுள்ள சுரப்பிகளுள் கபச் சுரப்பி அளவாற் சிறியது. மூளையின் அடியில், மண்டையோட்டின் எலும்புக் குழியொன்றுள், கடலை அளவினதாய் அமைந்துள்ள இதன் நிறை அரைக் கிராமைச் சிறிதே விஞ்சும். மூளையிலிருந்து மூக்கு வழியாகச் சளியை வடிக்கும் உறுப்பு இதுவெனப் பண்டைய ஐரோப்பிய வைத்தியர் கருதினர். 'பிற்றியூற்றரி' என்னும் பெயர் சளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினடியாகப் பிறந்தது. அதனைத் தழுவி நாம் ஆக்கிக்கொண்ட 'கபச் சுரப்பி' என்னும் பெயரும் அப்பிழையின் எச்சமே. பிழை மறைந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

இச்சுரப்பியின் முற்சோணை சுரக்கும் ஓமோன்கள் தைரொயிட்டுச் சுரப்பியையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பிகளையும் இயக்குகின்றன. உடலின் வளர்ச்சிக்கும் தாய்ப்பாற் சுரப்புக்கும் காரணமாகின்றன. இவற்றுள் உயிர்ப்பொறுப்பு மிகுந்தது அதிரீனற் சுரப்பியோடுள்ள தொடர்பாகும். முற்சோணையிலிருந்து வரும் தூண்டி ஓமோன் அதிரீனலின் மேற்பட்டையைக் கோட்டிசோலைச் சுரக்கச் செய்யும். குருதியிற் கோட்டிசோல் மிகுந்தாற் கபச் சுரப்பி தன் தூண்டலைத் தணித்துக்கொள்ளும். காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை முதலிய நெருக்கடிகளிற் கோட்டிசோலின் தேவை பன்மடங்காகும். அவ்வேளையில் அது கிடையாதாயின் குருதியமுக்கம் வீழ்ந்து, குருதியிலுள்ள குளுக்கோசுக் குறைந்து, நோயாளர் உயிரிழக்க நேரும்.

அதிரீனற் சுரப்பியே அழிவதால் வரும் நோயை இலண்டன் கைசு வைத்தியசாலையைச் சேர்ந்த தொமசு அடிசன் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விவரித்தார். நாட்பட்ட சோர்வு, மெலிவு, வாந்தி ஆகியவற்றோடு தோல் கருமையடைதலும் அந்நோயின் அடையாளம். அடுத்த ஆண்டிலேயே பிரௌன்-செக்குவாட்டு என்பார் விலங்குகளின் அதிரீனல்களை அகற்றி, அவையின்றி அவ்விலங்குகள் வாழா எனக் காட்டினார். ஆனால் அதிரீனலுக்கு ஊறு எதுவும் நேராதிருக்க, அதனை ஏவும் கபச் சுரப்பி இறந்துபட்டால் என்னவாகும்? இவ்வினாவுக்கான விடை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. அதனைத் தெளிவித்தவை பிரசவத்தின்பின் இறந்த பெண்களின் உடல்கள்.

1914ஆம் ஆண்டில் யேர்மனியின் அம்பேக்கு நகரைச் சேர்ந்த நோயியலறிஞர் மொறிசு சிமண்சு, பிரசவத்தின்பின் கிருமித்தொற்றுக்கு ஆளாகிப் பல்லாண்டு நோயுற்றிருந்து இறந்த பெண்ணொருத்தியின் கபச் சுரப்பி அழிந்து சுருங்கியிருந்ததை விவரித்தார். அதன்பின் 'சிமண்சின் நோய்' என்ற பெயர் பரவியது. உடல் எலும்புந் தோலுமாக மெலிவதே அந்நோயின் தலையாய குறியெனப் பாடநூல்கள் எழுதலாயின. இக்கருத்து இருவகையில் ஊறு செய்தது. உளக் காரணத்தால் உணவை மறுத்து மெலிந்த இளம்பெண்கள் கபச் சுரப்பி நோயினராகக் கணிக்கப்பட்டுச் சுரப்பிச் சாறு ஏற்றப்பெற்றனர். மெய்யாகவே கபச் சுரப்பியை இழந்த பெண்களோ மெலியவில்லை என்ற காரணத்தால் இனங்காணப்படாது போயினர்.

இம்மயக்கத்தை நீக்கியவர் கிளாசுக்கோ அரச மகப்பேற்று வைத்தியசாலையில் ஆராய்ச்சி நடத்திய அரோல்ட் சீகன் (1900–1988). பிரசவத்தின் பின்னர் இறந்த பெண்களின் கபச் சுரப்பிகளை நுண்ணிதாய் ஆராய்ந்து, முற்சோணை இழையம் இறந்துபட்டிருப்பதைக் கண்டு, 1937இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கிருமித்தொற்றன்று, பிரசவ வேளையிற் பெருங் குருதியிழப்பும் அதனால் நேரும் குருதியமுக்க வீழ்ச்சியுமே காரணம் என்பது அவர் காட்டிய உண்மை. உயிர் தப்பிய பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, கடும் மெலிவு இந்நோயின் இயல்பன்று என்பதையும் அவர் நிறுவினார். சீகனின் பெருமை நுணுக்குக்காட்டியில் மட்டும் தங்கியதன்று என்பது எம் கருத்து. பிரேத பரிசோதனை மேசையிற் கண்டதை அவர் உயிரோடிருந்தவர்களின் பிரசவ வரலாற்றோடு பொருத்திப் பார்த்தார். நோய் வெளிப்பட்டது அங்கேதான்.

பிரசவத்தின்போது இவ்வுறுப்பு ஏன் இலக்காகின்றது? கருப்பகாலத்திற் பாற்சுரப்பைத் தூண்டும் கலங்கள் பெருகுவதனாற் கபச் சுரப்பி பருக்கின்றது. அதனைத் தாங்கும் எலும்புக் குழியோ பருப்பதில்லை. மேலும் முற்சோணைக்குரிய குருதியின் பெரும்பகுதி நாடியிலிருந்து நேரே வருவதன்று. மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் ஒருமுறை மயிர்க்குழாய்களாகப் பிரிந்து, மீண்டும் திரண்டு, தாழ்ந்த அமுக்கமுடைய வாயிற் குருதிக்கலன்கள் வழியே அது வந்து சேர்கின்றது. பருத்த சுரப்பியின் குருதித் தேவை மிகுந்திருக்கும் வேளையில் அமுக்கம் வீழ்ந்தால், கடைமடை வயலுக்கு நீர் எட்டாதவாறு போல முற்சோணைக்குக் குருதி எட்டாது. பிற்சோணைக்குத் தனி நாடி உண்டாதலின் அது பெரும்பாலும் தப்பிவிடும்.

நோயின் முதற் குறி தாய்க்குப் பால் சுரவாமை. பின்னர் மாதவிடாய் திரும்புவதில்லை. அக்குள் முதலியவிடங்களில் உரோமம் உதிரும். குளிர் தாங்காமை, மந்தம், மலச்சிக்கல் என்பன தைரொயிட்டுக் குறைவினால் வரும். அடிசன் நோயினரின் தோல் கருக்க, இவர்களின் தோல் வெளிறும். அதிரீனலைத் தூண்டும் ஓமோன் மிகுந்தால் தோல் கருக்கும். இங்கோ அவ்வோமோனே இல்லை. சோடியத்தைக் காக்கும் அல்டொசுத்தரோன் முதன்மையாகச் சிறுநீரகத்தின் ஆணைக்கு உட்பட்டதாகையால், கபச் சுரப்பி இறந்த பின்னரும் அதன் சுரப்பு நிலைக்கும். எனவே அடிசன் நோயிற் காணும் பொற்றாசிய மிகுதி இங்கே காணப்படாது. எனினும் கோட்டிசோற் குறைவினால் உடலில் நீர் தேங்கிக் குருதியின் சோடியம் தாழக்கூடும். இக்குறிகள் தனித்தனியே வருவதாலும், 'பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும்' எனச் சுற்றத்தார் ஆறுதல் கூறிவிடுவதாலும், நோய் பத்தாண்டுகளுக்கு மேலும் மறைந்திருத்தல் உண்டு. ஒரு சாதாரண காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து அப்பெண் நினைவிழந்து கொண்டுவரப்படும்போதே பலருக்கு உண்மை புலப்படுகின்றது. பெருங் குருதிப்பெருக்கை உடனே தடுக்கவும் குருதியேற்றவும் வசதியுள்ள நாடுகளில் இந்நோய் அருகிவிட்டது. வசதி குன்றிய இடங்களில் இன்றும் உண்டு.

பிரசவத்தோடு எத்தொடர்புமற்ற ஆண்களும் இதே நோய்க்கு ஆளாகக்கூடும் என்பது வியப்புக்குரியது. கண்ணாடி விரியனின் நஞ்சு அதற்கொரு காரணம். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பற்றிக்கு இரசலின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் இப்பாம்பு, இலங்கையின் உலர் வலயத்து நெல்வயல்களில் உழவர்க்குப் பேராபத்தாக உள்ளது. இதன் நஞ்சு குருதியுறைதற் காரணிகளுள் ஐந்தாவதையும் பத்தாவதையும் செயற்படுத்தி, கலன்களுக்குள்ளேயே நுண்ணிய உறைவுகளைத் தோற்றுவிக்கும். அதனால் உறைதற்குரிய பைபிரினோசன் தீர்ந்துபோகக் குருதி உறையாது கசியும். உறைவும் கசிவும் குருதியமுக்க வீழ்ச்சியும் ஒருங்கே கூடுமிடத்துக் கபச் சுரப்பிக்கு நேரக்கூடியதை ஊகித்தல் அரிதன்று.

பர்மாவில் இரசல் விரியன் தீண்டியோரிடம் உடனடியாகவும் நாட்சென்றும் தோன்றிய கபச் சுரப்பிச் செயலிழப்பை, சீகன் விவரித்த நோயோடு ஒப்பிட்டு, பர்மிய, பிரித்தானிய ஆய்வாளர் 1987இல் 'லான்செற்று' இதழில் விவரித்தனர். அங்குள்ள பாம்பு இன்று வேறோர் இனமாகக் கொள்ளப்படுகின்றது. நமது இனத்தின் தீண்டலாலும் இது நேருமென்பதற்கு இந்தியாவிலிருந்து சான்றுகள் உள. இலங்கையிலிருந்து முதல் நோயாளர் விவரம் 2011இல் வெளியாயிற்று. உயிர் தப்பி வீடு திரும்பிய உழவர் சில மாதங்களின் பின் வலுவிழந்து, தாடி மீசை வளர்ச்சி குன்றி, ஆண்மை குறைந்து சோர்வாராயின், அதனைப் பழைய பாம்புக்கடியோடு எவரும் தொடர்புபடுத்துவது அரிது. அவரும் அதனைச் சொல்லக் கூசுவார்.

இங்கே ஆய்வாளர்க்கு ஓர் இடர் உண்டு. நஞ்செதிர்ச் சீரத்தால் விளையும் ஒவ்வாமையைத் தணிக்க வைத்தியர் ஐதரோகோட்டிசோன் ஏற்றுவர். இல்லாத ஓமோனை அறியாமலே ஈடுசெய்து அது உயிரைக் காக்கவுங் கூடும். அதேவேளை குருதியிற் கோட்டிசோலை அளக்கும் சோதனையைப் பயனற்றதாக்கவுங் கூடும். மருந்து நின்ற பின்னர் வீழும் குருதியமுக்கத்தை நஞ்சின் எஞ்சிய விளைவென்று கொள்வது எளிது.

ஓமோன்களை நுண்ணளவில் அளப்பதற்குரிய கதிரியக்க முறையை வகுத்தமைக்காக உரொசலின் யலோவுக்கு 1977இல் நோபெற் பரிசு கிடைத்தது. பரிவகக்கீழிலிருந்து கபச் சுரப்பியை ஏவும் ஓமோன்களைப் பிரித்தறிந்த கில்லெமினும் சாலியும் அவ்வாண்டுப் பரிசின் மற்றைப் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். அளவீடு இயன்ற பின்னரும் சோதனையை விளங்கிக்கொள்வதில் அவதானம் வேண்டும். செயற்கையாக ஆக்கிய தூண்டி ஓமோனை 250 மைக்கிரோகிராம் ஏற்றி, அரை மணி நேரத்திலும் ஒரு மணி நேரத்திலும் கோட்டிசோலை அளப்பது பெருவழக்கு. நெடுநாள் ஏவலின்றிக் கிடந்த அதிரீனல் சுருங்கியிருக்கும். ஆதலின் கோட்டிசோல் உயராது. ஆனால் கபச் சுரப்பி இறந்து சில நாள்களே ஆயின் அதிரீனல் இன்னும் சுருங்கியிராது. சோதனை இயல்பாகவே தோன்றும். பாம்பு தீண்டிய முதல் வாரத்தில் இச்சோதனையை மட்டும் நம்பி நோயாளரை வீட்டுக்கு அனுப்புதல் தகாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும்.

சிகிச்சை எளியது, விலை மிகுந்ததுமன்று. நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை ஐதரோகோட்டிசோனைப் பிரித்து உட்கொள்ளல், காய்ச்சல் வந்தால் அவ்வளவை இரட்டித்தல், வாந்தியால் மருந்து தங்காதபோதும் சத்திரசிகிச்சையின்போதும் ஊசிமூலம் ஏற்றுதல் என்பன அதன் உயிர்நாடி. தைரொயிட்டுக் குறைவு கண்ணுக்கு முதலிற் படுவதால் தைரொட்சினை முதலிற் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. அது உடலின் இயக்கத்தை விரைவுபடுத்தி, எஞ்சியுள்ள சிறிதளவு கோட்டிசோலையும் விரைந்து செலவிடச் செய்து, நோயாளரை நெருக்கடிக்குள் தள்ளும். ஆகவே கோட்டிசோற் குறைவு ஐயுறப்படுமிடத்து முதலில் ஐதரோகோட்டிசோனைத் தொடங்கி, அதன் பின்னரே தைரொட்சினைச் சேர்ப்பர்.