தோழியோடு கொல்லிமலைக்குப் போகிறீர்களா? இறங்கும் முன் இதைப் பேசிவிடுங்கள்!

பொன்மலை ரயில்வே காலனியில் ஒன்றாக சைக்கிள் ஓட்டிய தோழியோடு மலையேற ஆசையா? திருச்சிக்காரர்களுக்குக் கொல்லிமலை பக்கம்தான். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டால், அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்.

விஷயமே இந்தப் படிகளில்தான். மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கே தலைகீழ். பள்ளத்தாக்குக்குள் உற்சாகமாக இறங்கிவிடுவோம். குளித்துக் களைத்த பிறகுதான் செங்குத்தான ஏற்றம் காத்திருக்கும். நாங்கள் போனபோது, "முட்டி வலிக்குதுடி, உட்காரலாம்" என்று பாதியிலேயே சொல்லிவிட்டாள் என் பள்ளித்தோழி. புதிதாகப் பழகியவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சின்ன வயது சிநேகிதிக்கு அந்தக் கூச்சம் இல்லை. மலையில் அதுவே பெரிய பாதுகாப்பு.

2018 மார்ச்சில், தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தனர். அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. எளிது, மிதமானது, கடினம் எனப் பிரித்து, வழிகாட்டியோடு அழைத்துச் செல்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்யலாம்.

எந்தப் பாதையானாலும் கிளம்பும்போதே ஓர் ஒப்பந்தம் போடுங்கள். யார் 'போதும்' என்றாலும் இருவரும் திரும்ப வேண்டும். மேகம் கருத்தால் ஓடைப்பக்கம் போகவே வேண்டாம். மேலே பெய்யும் மழை கீழே வெள்ளமாக வரும். அருவி அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்!