எக்ஸ்ரே நார்மல்... ஆனா கழுத்து வலி போகலையா? நெட்டி எடுக்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சிக்னலில் வண்டி நிற்கிறது. பின்னால் வந்த வேன் ‘டொம்’முன்னு ஒரு இடி. பெருசா ஒண்ணும் இல்லை, பம்பரில் ஒரு நசுங்கல். டிரைவர்கள் இரண்டு பேரும் இறங்கி அஞ்சு நிமிஷம் சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பிட்டாங்க. நீங்களும் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கிட்டீங்க. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் தெரியுது, கழுத்தைத் திருப்ப முடியலை!

போன வருஷம் கால் டாக்ஸியின் பின்சீட்டில், நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு நடந்தது இதுதான். மூன்றாம் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். ‘எலும்பெல்லாம் நல்லா இருக்கு, ஒண்ணும் இல்லை’ என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். ‘ஒண்ணும் இல்லாத’ அந்தக் கழுத்து, அடுத்த இரண்டு மாதம் லேப்டாப்பைத் திறந்தாலே பின்மண்டை வரை வலித்தது. ‘தலையணையை மாத்து’ என்றார் அம்மா. ‘லீவு போட ஐடியாவா?’ என்று சிரித்தார்கள் ஆபீஸில். என் வலியை நம்பியது இன்ஸ்டாகிராம் மட்டும்தான். திறந்தாலே கைரோபிராக்டிக் ரீல்ஸ். தலையைப் பிடித்து ஒரு திருப்பு, ‘டக்’குன்னு ஒரு சத்தம், அப்புறம் அந்த நபர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும் ஆசையாத்தான் இருந்தது.

முதலில் அந்த வலி எங்கிருந்து வருதுன்னு பார்த்துடலாம்.

பின்னாலிருந்து வண்டி இடிக்கும்போது சீட் உங்கள் முதுகை முன்னால் தள்ளும். சுமார் 5 கிலோ எடையுள்ள தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது ‘எஸ்’ எழுத்து மாதிரி வளைந்துவிடும். அப்புறம்தான் தலை பின்னால் போய், சாட்டை நுனி மாதிரி முன்னால் வரும். அதனால்தான் இதற்கு ‘விப்லாஷ்’, அதாவது சாட்டையடி என்று பெயர். வலி உடனே தெரியணும்னு அவசியமில்லை. பல பேருக்கு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கும். கழுத்து இறுக்கத்தோடு தலைவலி, தலைசுற்றல், தோள் வலி, தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காமல் போவது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

சரி, எக்ஸ்ரேயில் ஏன் தெரியலை? எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. இங்கே அடிபடுவது பெரும்பாலும் தசையும், தசைநாரும், கழுத்து எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ‘ஃபேசட்’ எனும் குட்டி மூட்டுகளும். 1990-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், விபத்துக்குப் பிறகு நீண்ட நாளாகக் கழுத்து வலியோடு இருந்தவர்களின் ஃபேசட் மூட்டுகளுக்குப் போகும் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போக வைத்துப் பார்த்தார்கள். சுமார் பாதிப் பேருக்கு வலி அடங்கியது. அதாவது வலியின் ஊற்று அந்த மூட்டில்தான் இருந்திருக்கிறது. எக்ஸ்ரே நார்மல்னா எலும்பு முறியலைன்னு மட்டும்தான் அர்த்தம். உங்களுக்கு வலியே இல்லைன்னு அர்த்தம் இல்லை!

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் மூணு மாசத்தைத் தாண்டியும் இழுக்கும். ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்களுக்கும், ‘இது சரியே ஆகாது’ என்று பயந்து கழுத்தை அசைக்காமலே வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

இந்தக் கட்டத்தில்தான் நம்ம ஆட்கள் கைரோபிராக்டரைத் தேடுகிறார்கள். புத்தூர் கட்டும், சுளுக்கு எடுப்பவரும் பழகிய ஊருக்குக் கையால் சரிசெய்வது ஒன்றும் புதுசு இல்லை. கைரோபிராக்டிக் பிறந்தது 1895-ல், அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில். டி.டி.பால்மர் என்பவர் காது கேளாத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தினார், அவருக்குக் காது கேட்டுவிட்டது என்பதுதான் அதன் தொடக்கக் கதை. (காது நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்பது வேறு விஷயம்!) இன்று அமெரிக்காவில் இதற்குத் தனிப் படிப்பும் லைசென்ஸும் இருக்கின்றன. இந்தியாவில் இதற்கென்று தனி கவுன்சிலோ, பதிவு முறையோ கிடையாது. அதனால், போர்டில் ‘கைரோபிராக்டர்’ என்று போட்டிருந்தால், ‘எங்கே, எத்தனை வருஷம் படிச்சீங்க?’ன்னு கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு வாரக் கோர்ஸ் முடித்தவரும் அதே போர்டை மாட்டலாம்.

அந்த ‘டக்’ சத்தம்? எலும்பு தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும்போது வருவது. விரலில் சொடக்கு எடுப்பீங்களே, அதே கதைதான். சத்தம் வந்தால் குணம்னும் இல்லை, வராவிட்டால் வீண்னும் இல்லை.

அப்போ கைரோபிராக்டிக் சுத்த வேஸ்டா? அப்படியும் சொல்ல முடியாது. கையால் செய்யும் சிகிச்சை, உடற்பயிற்சியோடு சேரும்போது கழுத்து வலியைக் கொஞ்ச காலத்துக்காவது குறைக்க உதவலாம். மாதக்கணக்கில் இழுக்கும் வலிக்கு அதை மட்டுமே நம்பிப் போவதுதான் பிரச்னை. ‘30 சிட்டிங் பேக்கேஜ், இன்னைக்கே கட்டினா டிஸ்கவுன்ட்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துடுங்க.

இன்னொரு விஷயத்தை ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை. கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. வேகமான திருப்பலில் அவற்றின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். 2016-ல் லாஸ் ஏஞ்சலஸில் 34 வயது மாடல் ஒருவர் கீழே விழுந்து கழுத்து வலி வந்ததால் கைரோபிராக்டரிடம் போனார். பக்கவாதம் வந்து இறந்துபோனார். கழுத்தைத் திருப்பியபோது கிழிந்த ரத்தக்குழாய்தான் காரணம் என்றது மரண விசாரணை. 2024-ல் கர்நாடகாவின் பல்லாரியில் சலூனில் ஹெட் மசாஜுக்குக் கழுத்தைக் கொடுத்த 30 வயது இளைஞருக்கும் பக்கவாதம் வந்தது. இது அரிதுதான். ஆனால், விபத்தின் அந்த உதறலிலேயே ரத்தக்குழாய் லேசாகக் கிழிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதுவும் வெறும் கழுத்து வலியாகத்தான் தெரியும். அந்தக் கழுத்தைப் பிடித்து ஒருவர் வேகமாகத் திருப்பினால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால் அடிபட்ட பிறகு முதலில் எம்.பி.பி.எஸ் டாக்டர், அப்புறம்தான் மற்றவர்கள். கையில் மரத்துப்போதல், பலவீனம், இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, நடையில் தள்ளாட்டம், இதுவரை வந்திராத மாதிரி தலைவலி... இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்தை இரண்டு பக்கமும் பாதி அளவுகூடத் திருப்ப முடியலைன்னாலும் ஸ்கேன் தேவையான்னு டாக்டரிடம் கேளுங்கள். எலும்பு முறிவு இல்லை என்றால், காலரை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம். கழுத்துத் தசை இன்னும் பலவீனமாகும்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட். முதல் நாளே கழுத்தைத் தொடவில்லை. அரைமணி நேரம் கேள்வி மட்டும்தான் கேட்டார். அப்புறம், தாடையை உள்ளே இழுத்து அஞ்சு எண்ணுவது, தோள்பட்டையைப் பின்னால் சேர்ப்பது, மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புவது என மூணே பயிற்சி. மணிக்கு ஒரு தடவை லேப்டாப்பை மூடிவிட்டுச் செய்யணும். நடுநடுவே கையால் மூட்டுகளை மெதுவாக அசைத்துவிட்டார், ‘டக்’ எல்லாம் இல்லை. ‘வலி கொஞ்சம் இருந்தாலும் அசைங்க, உடைஞ்சு போகாது’ என்று அவர் சொன்னது மாத்திரையைவிட அதிகமாக வேலை செய்தது. ஆறாவது வாரம், பஸ் வருதான்னு உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன்!

கார் சீட்டுக்கு மேலே இருக்கும் ஹெட்ரெஸ்ட் தலை சாய்த்துத் தூங்குவதற்கு இல்லை. அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு இருக்கணும், பின்மண்டைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்கணும். முழுசாக இறக்கி வைத்தால் அது கழுத்துக்குப் பின்னால் நிற்கும், தலையைத் தாங்காது. பல கார்களில் பின்சீட்டின் நடுவில் ஹெட்ரெஸ்ட்டே இருப்பதில்லை. அதனால் டாக்ஸி வந்ததும் இப்போதெல்லாம் ஜன்னல் சீட்டுக்கு ஓடிப் போகும் முதல் ஆள் நான்தான். ஃப்ரெண்ட்ஸ் திட்டுறாங்க, பரவாயில்லை.