படத்தில் குரல் எங்கே போகிறது? கணினியில் டிவிடி பார்ப்பவர்களுக்கு

தமிழ்ப் படமொன்றின் டிவிடியைக் கணினியில் போட்டுப் பார்க்கிறீர்கள். பாட்டு வீட்டை அதிர வைக்கிறது, வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது. ஆனால் ஆட்கள் கதைப்பது மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பலர் இதை இறுவட்டின் பிழை என்றோ ஸ்பீக்கரின் பிழை என்றோ நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. கணினியும் அதிலுள்ள மென்பொருளும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் விதத்தில்தான் விசயம் இருக்கிறது.

டிவிடி உறையில் 5.1 என்று போட்டிருப்பார்கள். முன்னால் இடம், வலம், நடு; பின்னால் இடம், வலம் என ஐந்து தடங்கள். ஆறாவது, அதாவது அந்தப் புள்ளி ஒன்று, இடி, குண்டுவெடிப்பு போன்ற அடித்தொனிக்கு மட்டும். இந்த ஆறையும் டொல்பி டிஜிற்றல் முறையில் சுருக்கி இறுவட்டில் எழுதுகிறார்கள். சில இறுவட்டுகளில் டிரிஎஸ் என்ற இன்னொரு முறையும் இருக்கும். இதில் மறக்கக்கூடாத ஒன்று: பாத்திரங்கள் கதைப்பது அனேகமாக முழுவதும் நடுத் தடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். அப்படியென்றால் நடுத் தடத்தை இரண்டாகப் பங்கிட்டு இடம் வலம் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். நல்ல மென்பொருள் அதைத் தானாகச் செய்யும். ஆனால் விண்டோஸின் ஒலி அமைப்பில் யாரோ 5.1 என்று தெரிவு செய்து விட்டிருந்தால், கணினி ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நம்பி, இல்லாத நடு ஸ்பீக்கருக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே புது மென்பொருள் தேட முதல் ஒலி அமைப்புக்குள் போய், ஸ்பீக்கரைத் தெரிவு செய்து, ‘கொன்பிகர்’ என்பதை அழுத்தி, இரண்டு ஸ்பீக்கர் என்றால் ‘ஸ்ரீரியோ’ என்று மாற்றுங்கள். பாதிப் பேரின் பிரச்சினை இதோடு தீரும்.

இனி மென்பொருள். விண்டோஸ் 7இன் பல பதிப்புகளில் டிவிடி பார்க்கும் வசதி கூடவே வந்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல் மைக்ரோசொஃப்ற் அதை எடுத்துவிட்டது. காரணம் ஒலி, ஒளி நுட்பங்களுக்குக் கட்டவேண்டிய உரிமக் காசு. மைக்ரோசொஃப்றின் தனி டிவிடி மென்பொருளும், சைபர்லிங்கின் பவர்டிவிடியும் காசுக்கு உரியவை. பவர்டிவிடி நல்லதுதான். ஆனால் பழைய கணினிகளோடு இலவசமாகக் கொடுக்கப்பட்ட குறுக்கிய பதிப்புகள் பலவற்றில் இரண்டு தட ஒலி மட்டுமே வரும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது விஎல்சி. 1996இல் பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய வேலையில் இருந்து வளர்ந்தது, 2001 முதல் கட்டற்ற மென்பொருள், ஒரு சதமும் இல்லை. டொல்பி, டிரிஎஸ் இரண்டையும் வேறெந்தத் துணையும் இல்லாமல் பிரிக்கும். விடியோலான் அமைப்பின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் தரவிறக்குங்கள். அதே பெயரில் குப்பை விளம்பரங்களைச் சேர்த்துக் கொடுக்கும் இடங்கள் நிறைய. இன்னொரு வசதி: இலங்கைக்கு வலயம் 5, ஐரோப்பாவுக்கு 2, கனடாவுக்கு 1 என்று டிவிடிகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். லண்டன் மாமா அனுப்பிய இறுவட்டுக்காகக் கணினி வலயத்தை மாற்றவா என்று கேட்டால் அவசரப்பட்டு ஆம் என்று சொல்லாதீர்கள். ஐந்து தரம்தான் மாற்றலாம், பிறகு அப்படியே பூட்டிக்கொள்ளும். விஎல்சி பெரும்பாலும் இந்தக் கேள்விக்கே போகாது.

உண்மையாகவே ஆறு ஸ்பீக்கர் செற் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ வயரால் இணைத்து, விஎல்சியின் ஓடியோ அமைப்பில் ‘பாஸ்துரு’ என்பதை இயக்கினால், கணினி ஒலியைத் தொடாமல் அப்படியே செற்றுக்குக் கொடுக்கும். பிரிப்பதைச் செற் பார்த்துக்கொள்ளும். ஒலி உதட்டசைவுக்குப் பிந்தினால் அல்லது முந்தினால் ஜே, கே விசைகளைத் தட்டிச் சரிக்கட்டலாம்.

ஆனால் சுற்றொலி எல்லா வீட்டுக்கும் வேண்டியதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் போரைக் களமாகக் கொண்டு மணிரத்னம் 2002இல் எடுத்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியது. கிபிரையும் ஷெல்லையும் படத்தில் மட்டும் கேட்டவருக்கு அது ரசனை. எங்கள் அம்மா 2009 வரை வன்னியில் இருந்தவர். எந்தப் படமானாலும் பின்பக்க ஸ்பீக்கரில் ஹெலிச் சத்தம் எழும்பினால் திரையைப் பார்க்கமாட்டார், முகட்டைப் பார்ப்பார். “நிப்பாட்டு தம்பி, எனக்கு நெஞ்சு படபடக்குது” என்பார். இப்படியானவர்கள் உள்ள வீட்டில் இரண்டு ஸ்பீக்கரே போதும், ஒலி முன்னால் மட்டும் வரும். அதோடு விஎல்சியில் கொன்ட்ரோல் விசையோடு ஈ விசையை அழுத்தி, ‘கொம்பிரஷர்’ என்பதை இயக்குங்கள். ‘திறெஷோல்ட்’ அளவைக் குறைத்து ‘மேக்கப் கெயின்’ அளவைக் கொஞ்சம் கூட்டினால் வெடிச்சத்தம் அடங்கும், கதை தெளியும். நாங்கள் இப்போது அப்படித்தான் பார்க்கிறோம்.

சினிமாவை விட முக்கியமான இறுவட்டுகளும் எங்களிடம் இருக்கின்றன. இடம்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போய், வெளிநாட்டு உறவினரிடம் மிஞ்சிய கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ. கசெற்றில் இருந்து மாற்றி எழுதியவை. இவற்றில் அனேகமாக 5.1 கிடையாது. இரண்டு தடம், சிலவற்றில் ஒரே தடத்தில்தான் ஒலி. இதை ‘தியேட்டர் எஃபெக்ற்’ என்ற பெயரில் ஆறாக விரிக்கும் வசதிகளை நிறுத்திவிடுங்கள். எதிரொலி சேர்ந்து குரல் கலங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், விஎல்சியின் ஓடியோ பட்டியலில் ‘ஸ்ரீரியோ மோட்’ என்பதில் ஒலி இருக்கிற பக்கத்தைத் தெரிவு செய்ய, அது இரண்டு காதுக்கும் வரும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் யாரோ கூப்பிடுவது, சிரிப்பது எல்லாம் ஹெட்போனில் கேட்டால் பிடிபடும். இன்று இல்லாத ஒருவருடைய குரல் அதில் மட்டும் இருக்கலாம்.

வீட்டில் எழுதிய இறுவட்டில் படம் பதிவது ஒரு மைப்பூச்சில். வெயிலும் புழுக்கமும் அதைத் தின்னும். பூட்டு எதுவும் இல்லாததால், இறுவட்டைத் திறந்து ‘வீடியோ ரிஎஸ்’ என்ற கோப்புறையை முழுதாகக் கணினிக்கு இழுத்துவிட்டாலே கொப்பி ஆகிவிடும். ஒரு சாதாரண இறுவட்டு 4.7 ஜிபிக்கு மேல் வராது. மடிகணினியில் டிவிடி செருகும் இடம் இல்லாவிட்டால் யூஎஸ்பியில் பூட்டும் ட்ரைவ் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாலும் காணும். கொப்பி எடுத்தபின் அந்தக் கோப்புறையை விஎல்சியில் திறந்து, கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று ஒருதரம் பாருங்கள். இறுவட்டு பெரும்பாலும் வெளி ஓரத்தில் இருந்துதான் பழுதாகும், படத்தின் முடிவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.