வலையின் விலையும் இழையின் குணமும்

குடலிறக்க அறுவையில் வயிற்றுச் சுவரைப் பலப்படுத்தச் செயற்கை வலை வைக்க வேண்டும் என்றதும், "பிளாஸ்டிக்கை உள்ளே வெச்சா சீழ் புடிக்காதுங்களா? காசு கூட ஆனாலும் பரவால்லைங்க, இயற்கையா ஏதும் இல்லைங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. பல்லடத்தில் அறுவை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு இது பழகிய கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் தறிக்கூடத்தில் பாவு பீம் தூக்குபவராகவோ, கோழிப்பண்ணையில் தீவன மூட்டை சுமப்பவராகவோ இருப்பார். அவர் கடன் வாங்கும் முன் உண்மையை அறிவது அவசியம்.

இயற்கை வலைகள் இருக்கின்றன. பன்றித் தோல், மாட்டின் இதய உறை போன்றவற்றிலிருந்து செல்களை நீக்கி, புரதச் சட்டகத்தை மட்டும் எஞ்சவிட்டுத் தயாரிக்கப்படுபவை அவை. நம் ரத்த நாளங்கள் அதனுள் வளரும். அவற்றின் வழியே வெள்ளணுக்களும் மருந்தும் சென்று கிருமிகளை அழிக்கும் என்பதே எதிர்பார்ப்பு. அழகான கருத்துதான், ஆனால் சோதனையில் அது நிலைக்கவில்லை.

கிருமித்தொற்று அபாயம் மிகுந்த வயிற்றுக் குடலிறக்கங்களில் இரு வகை வலைகளையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் 253 நோயாளிகள் பங்கேற்றனர். தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் குடலிறக்கம் மீண்டும் வந்தோர் பன்றித் தோல் வலையில் 20.5 சதவீதம்; செயற்கை வலையில் 5.6 சதவீதம். முன்னதன் விலை சுமார் 21,500 டாலர், பின்னதன் விலை சுமார் 105 டாலர். புதிய திசு உறுதிபெறும் முன்பே புரதச் சட்டகத்தை உடலின் நொதிகளும் கிருமிகளின் நொதிகளும் கரைத்துவிடக்கூடும் என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று.

அப்படியானால் தொற்றைத் தீர்மானிப்பது எது? நூலை அறிந்த நம் ஊருக்கு இது எளிதில் விளங்கும். பல புரிகளை முறுக்கிய நூலின் இடுக்குகளில் ஒரு மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா நுழைந்துவிடும். அதை விழுங்க வரும், 10 மைக்ரானுக்கும் பெரிய வெள்ளணு நுழைய முடியாது. ஒற்றை இழையில் அந்த ஒளிவிடம் இல்லை. கண்களும் 75 மைக்ரானுக்கு மேல் அகன்றிருந்தால் வெள்ளணுக்கள் தாராளமாக உலவும். ஆகவேதான் அகன்ற கண்ணுள்ள பாலிபுரொப்பிலீன் வலையில் சீழ் பிடித்தாலும் பல நேரங்களில் வலையை எடுக்காமலே குணப்படுத்த முடிகிறது. நுண்துளை கொண்ட டெஃப்லான் தகடென்றால் பெரும்பாலும் எடுத்தே ஆகவேண்டும்.

விலை குறைந்த வலைக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. கரூரில் தயாரான கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து, உகாண்டாவில் 302 ஆண்களிடம் வணிக வலையுடன் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் கொசுவலைக் குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டுமே குடலிறக்கம் திரும்பியிருந்தது. மகாராஷ்டிர மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் இதற்கு முன்பே இவ்வழியைக் கையாண்டவர். முறையான கிருமிநீக்கமும் பரிசோதனையும் இன்றி எந்தத் துணியையும் உடலில் வைக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ரத்த நாளங்களில் கதை வேறு. டயாலிசிஸ் செய்வோருக்குச் சொந்தச் சிரையைத் தமனியோடு இணைக்கும் வழியில், செயற்கைக் குழாயைவிடத் தொற்று குறைவு. காரணம், அது உயிருள்ள சொந்தத் திசு. பதப்படுத்திய விலங்குத் தோலுக்கு அந்தத் தகுதி கிடையாது.

ஆகவே "இயற்கையா, செயற்கையா" என்று கேட்பதைவிட, "என் உடலின் எந்த இடத்திற்கு, எந்த வலை, ஏன்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகைபிடிப்பதை நிறுத்துவதும் தொற்றைத் தடுக்கும். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.