ஈரத் தரைக்கு எது ஏற்றது?

நம் மலாக்காவில் நிலவறை உள்ள வீடுகள் அரிது. ஆனால் தாமான் வீடுகளிலும் தோட்டத்து லயங்கள் பலவற்றிலும் சிமெண்டுத் தரை மண்ணின் மீதே கிடக்கிறது. நிலவறைக்குள்ள ஈரத் தொல்லை நம் வரவேற்பறைக்கும் உண்டு. தீபாவளிக்கு முன் ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து லேமினேட் பலகை போடுகிறோம். மழைக்காலம் முடிந்து பொங்கல் வருவதற்குள் ஓரங்கள் உப்பிவிடுகின்றன.

லேமினேட் என்பது அழுத்திய மரநார்தான். தண்ணீர் குடித்தால் ஊதும். வினைல் ஊதாது, ஆனால் அடியிலுள்ள பசை இளகிப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் இதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது.

கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 2 அடிக்கு 2 அடி அளவுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி 2 நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்தாலோ தரை கறுத்தாலோ ஈரம் கீழிருந்து ஏறுகிறது. தாளின் மேலே மட்டும் வியர்த்திருந்தால், அது குளிர்ந்த தரையில் படியும் காற்றின் ஈரம். அதற்குக் காற்றோட்டம்தான் தேவை. தரையை மாற்றுவது வீண்செலவு.

கீழிருந்து ஏறினால், முதலில் குழாய்க் கசிவையும் வீட்டோரக் கால்வாயையும் பாருங்கள். பிறகு சிமெண்டுக் கலவையில் பதித்த பீங்கான் ஓடே நம்பகமானது. வழவழப்பானதைத் தவிர்த்துச் சொரசொரப்பானதை வாங்குங்கள். முதியோர் வழுக்கி விழுந்தால் செலவு ஓட்டோடு நிற்காது. எப்போக்சிச் சாயத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரம் அதைக் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

மலாக்கா நகரின் ஹீரன் தெரு போன்ற பழைய பகுதிகளின் கதை வேறு. அது இன்று துன் தான் செங் லோக் சாலை; 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற வட்டாரம். அங்குள்ள பழைய வீடுகளின் சிவப்புக் களிமண் ஓடு ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கி வெளியேற்றும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் சுவருக்குத் திரும்பும். உப்புப் பூத்து, பூச்சு உதிரும். அங்கே எதைத் தொடுமுன்னும் மாநகர் மன்றத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தரையை உடைத்துப் புதிதாகக் காங்கிரீட் போடுவோர் அதன் அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பை இடவேண்டும். 4 அங்குலக் காங்கிரீட் காயக் குறைந்தது 4 மாதமாவது ஆகும். அதுவரை வினைல், லேமினேட் எதுவும் வேண்டாம். குத்தகையாளரிடம் விரிப்பின் தடிமனை விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். காங்கிரீட் கொட்டும் நாளில் நேரில் நின்று படம் பிடித்து வையுங்கள். மூடிய பிறகு, விரிப்பு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாது.