"பேஷன்ட் தானே, பொறுத்துக்கோம்மா"

மாலை ஆறு மணி. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வேட்டி நனைந்திருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வந்து பதினோரு நாளான பெண் பின்பக்கமாக வந்து, "நனைஞ்சிருச்சு ஐயா, மாத்திரலாம்" என்று இடுப்பில் கை வைக்கிறார். அடுத்த நொடி, ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் டம்ளர் அந்தப் பெண்ணின் புருவத்தைப் பதம் பார்க்கிறது. "யாருடி நீ? வீட்டுக்குள்ள எப்படி வந்தே?"

தன்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு அந்தப் பெண் போன் செய்தார். வந்த பதில்தான் மேலே தலைப்பாக இருப்பது. மூன்று தையல் போட்ட புருவத்தோடு அவர் என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, அடியைச் சொல்லும்போது கலங்காத குரல் அந்தப் பதிலைச் சொல்லும்போது உடைந்தது.

பெரியவருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். அவர் இடத்திலிருந்து பாருங்கள்: முகம் தெரியாத ஒரு பெண் பின்னாலிருந்து வந்து வேட்டியை அவிழ்க்கிறாள். அவர் தன் மானத்தைக் காத்துக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் இந்தக் குழப்பம் பலருக்குக் கூடும். ஆகவே அவர் மேல் குற்றமில்லை. அதற்காக அந்தப் பெண் அடிவாங்கித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. முதல் பாதியை மட்டும் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

நீங்களும் இந்த வேலையில் இருந்தால், இப்படிப்பட்டவர்களை நெருங்கும்போது முன்பக்கமாக, அவர் கண்ணில் படும்படி வாருங்கள். அவருக்குப் பழகிய அழைப்பைச் சொல்லுங்கள். முப்பது வருடம் 'சார்' என்று கேட்ட காதுக்கு 'ஐயா' அந்நியமாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் போதும். மாட்டேன் என்றால் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். "அம்மா எங்கே?" என்று கேட்பவரிடம், அவர் அம்மா இறந்து முப்பது வருடமாயிற்று என்று வாதாடாதீர்கள், அம்மாவைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். நீங்கள் நிற்கும் இடம் கதவுக்குப் பக்கமாக இருக்கட்டும். தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் துப்பட்டாவும் சங்கிலியும் வேண்டாம்.

முடியைப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள். உங்கள் இரண்டு கையாலும் அவர் கையைத் தலையோடு அழுத்திப் பிடித்தால் வலி குறையும். பிடி தளர்ந்ததும் விலகலாம். கடிக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். சற்று உள்நோக்கித் தள்ளினால் வாய் தானாகத் திறக்கும். விடுபட்டதும் அறைக்கு வெளியே வந்து, அவர் கண்ணில் படும் தூரத்தில் நில்லுங்கள்.

அமைதியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று மூர்க்கமானால் "குணம் மாறிடுச்சு" என்று வீட்டார் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சோடியமோ சர்க்கரையோ இறங்குவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஒரு வலி, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். மலம் கழித்த நாள், தூக்கம், சாப்பாடு, கோபம் வந்த நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, இத்தனையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. பிறகு உங்களுக்கு அதுவே சாட்சியும் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவுப்படி, செய்வது இன்னதென்று அறியமுடியாத மனநிலையில் ஒருவர் செய்யும் செயல் குற்றமாகாது. இதைப் பலர் சொல்வார்கள். 36ஆம் பிரிவைச் சொல்பவர்கள் குறைவு: அப்படிப்பட்டவர் தாக்கினாலும் உங்களைத் தற்காத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. தேவையான அளவுக்கு மட்டும். ஓங்கிய கையைத் தடுக்கலாம், தள்ளிவிட்டு ஓடலாம். திருப்பி அடிக்கக் கூடாது.

வீட்டார் சொன்னார்கள் என்று கட்டிலோடு கட்டிப்போடவும் செய்யாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவமனைகளிலேயே, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் கட்டுப்படுத்த விடுகிறது. சங்கிலியால் பிணைப்பதற்கு முழுத் தடை. நாளைக்குக் கேள்வி வந்தால் கட்டிய கைதான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

புத்தி தெளிவாக இருப்பவர் வேண்டுமென்றே கை வைப்பது வேறு கதை. பக்கவாதம் வந்து கால் மட்டும் விழுந்தவர், குளிப்பாட்டும்போது தப்பாகத் தொடுகிறார். அல்லது அவர் மகன் அடுப்படியில் வழிமறிக்கிறான். இதற்கு நோய் சாக்காகாது. 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். ஏஜென்சியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் அங்கே புகார்க் குழு இருந்தாக வேண்டும். குழு இல்லாத சிறிய இடமானாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். நேராகக் காவல் நிலையத்துக்கும் போகலாம். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

காயம்பட்டால் அரசு மருத்துவமனையில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். வீட்டாரின் மானம் போகுமே என்று பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டின் காப்பி கேளுங்கள். பிறகு செலவைக் கேட்கவும் புகார் கொடுக்கவும் அந்தத் தாள்தான் துணை. தோல் கிழியும்படி கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டி.டி. ஊசிக்கும் மஞ்சள்காமாலைத் தடுப்பூசிக்கும் அன்றைக்கே போங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்பதை வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவையுங்கள்.

அன்றே கேட்கவேண்டிய இன்னொன்றும் உண்டு: "அடிப்பாரா?" வாய் கூசாமல் கேளுங்கள். முன்பு இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் ஆள் வராது என்று வீட்டார் மறைக்கிறார்கள். அவர்களுடைய களைப்பு எனக்குப் புரிகிறது. ராத்திரி தூங்காத அப்பாவை வைத்துக்கொண்டு மகள் என்ன செய்வாள்? ஆனாலும் அந்த மறைப்பின் விலையை ஒரு பெண்ணின் புருவம் கொடுத்தது.

தையல் பிரித்த பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அடுத்து யார் போகிறார்கள் என்று விசாரித்து, அந்தப் பெண்ணுக்கு அவரே போன் செய்திருக்கிறார். "முன்பக்கமா போ கண்ணு. சார்னு கூப்பிடு. டம்ளர் பிளாஸ்டிக்ல இருக்கட்டும். சாயங்காலம் அஞ்சரைக்கே லைட்டைப் போட்டுடு. நோட்டு ஒண்ணு வாங்கிக்கோ."

இதில் ஒரு வரியைக்கூட ஏஜென்சி அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.